முதல் குமிழுக்கு ஏழு

கீபோர்டின் மேல்வரிசைக் குமிழ்களுக்குத் தமக்கென்று ஒரு வேலை கிடையாது. எந்த எண்ணைக் கொடுக்கிறோமோ அந்த வேலையைச் செய்யும். ஏழு என்றால் சத்தம் கூடும், குறையும். எழுபத்துநான்கு என்றால் ஒலி பளிச்சென்று ஆகும் அல்லது மங்கும். மின்இசைக் கருவிகளுக்கான மிடி என்கிற ஏற்பாட்டில் இந்த எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொது. எந்தக் குமிழுக்கு எந்த எண் என்பது மட்டும் வாசிக்கிறவன் இஷ்டம்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எனக்கும் என் அத்தை மகனான மச்சானுக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு. கல்யாணக் கச்சேரிகளில் முறை வைத்து வாசித்தோம். என் முதல் குமிழில் ஏழு. அவருடையதில் எழுபத்துநான்கு, சத்தத்தைக் கடைசிக் குமிழில் வைத்திருந்தார். கிறுக்குத்தனம் என்பேன், சிரிப்பார். ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் செட்டிங் போய் என்னுடையது வந்துவிடும்.

திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாணத்துக்கு, சென்னை இசைக்குழு ஒன்றின் தலைவர் ஆள் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஓர் ஆளுக்குத்தான் இடம். அன்று மச்சானின் முறை. எனக்கு அந்த இடம் வேண்டும், வெறியாக வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"இன்னாடா, இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற? என் மொறைய நீ எட்துக்க," என்றார்.

குப்பத்துக்காரர்கள் மீன்பிடிக்கும் ஏரியில் இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று எங்களுக்கு முறை உண்டு. ஒருவர் முறையை வாங்கினால் அவருடைய இடத்தில்தான் வலையை இறக்க வேண்டும். தன் இடத்துக்குப் போகக் கூடாது. அந்தப் பழக்கத்தில் நான் பொத்தானைத் தொடவில்லை. மச்சானின் முறை என்றால் மச்சானின் செட்டிங். கீபோர்டுக்கு இதெல்லாம் கிடையாது என்று தோன்றவே இல்லை.

பாடகி சரணத்தைத் தொடங்கியதும் என் கை முதல் குமிழைக் குறைத்தது. சத்தம் குறையவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கியது, அவ்வளவுதான். பதறிப்போய் இன்னும் திருகினேன். பாடகியின் குரல் எடுபடவே இல்லை. திரும்பி என்னை முறைத்தார்.

அடுத்த பாட்டுக்கு, "அவரை உட்காரச் சொல்லுங்க," என்று தலைவர் மேடையோரம் நின்ற மச்சானைக் காட்டினார். மச்சான் உட்கார்ந்தார். அவர் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இடம் மச்சானுக்குக் கிடைத்தது. அவரைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். வயிறு எரிந்தது. "கீபோர்டு உங்கிட்டயே இருக்கட்டும்டா," என்றார்.

முதல் குமிழில் ஏழு அப்படியே இருக்கிறது. இப்போது எல்லாக் கல்யாணமும் என் முறைதான். கேட்டு வாங்க ஆளில்லை.