பின்னோக்கி நடந்தவனின் அந்தாதி

எங்கள் வீட்டில் பாடல் என்பது முதலில் காதுக்கு உரியது. கண்ணுக்கு உரியது பிறகுதான். ஆரப்பாளையத்து வாடகை வீட்டில் விடியற்காலையில் விளக்கேற்றியதும் அம்மா அந்தாதி ஓதுவாள். ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லிலேயே அடுத்த பாட்டுத் தொடங்கும். ஒன்றைப் பற்றிக்கொண்டால் மற்றவை தாமே பின்தொடரும். கூடவே ஓதும் நான் எங்கேனும் சிக்கி நின்றால், அடுப்படியிலிருந்தபடியே முதற்சொல்லை அடியெடுத்துக் கொடுப்பாள். பொருளை அன்றே கேட்கக் கூடாது. முதல்நாள் ஓசை, பொருள் மறுநாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் வகுத்திருந்த பாடத்திட்டம் அது. அந்தத் திட்டத்தில்தான் நான் ஆங்கிலமும் கற்றேன் என்றால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

எழுபதுகளில், நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டில், அப்பா மில் வேலையை விட்டுக் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் இருந்த தம் பங்கு நிலத்துக்கே திரும்புவதென்று முடிவு செய்தார். அந்த ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே என் படிப்பும் அந்தக் கோடையோடு நிறைவுறும் என்பது எவரும் சொல்லாமலே தீர்மானமாயிற்று. அந்நேரத்தில் பள்ளியில் ஓர் அறிவிப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலவழிப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. விடுதியில் தங்கவும் அதனோடு இடமுண்டு. தமிழ்வழிப் பிள்ளைகளுக்குள் ஒரு கேட்டல் தேர்வு வைத்து, வெல்பவளுக்கு அதைத் தருவார்கள். ஒரே முறை வாசிக்கப்படும் ஆங்கிலப் பத்தியைக் குறிப்பெடுக்காமல் கேட்டு, ஆங்கிலத்திலேயே வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அம்மா அப்பாவிடம் அதிகம் வாதாடுபவள் அல்லள். அன்று மட்டும் சோறு பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "அந்த எடம் கெடைச்சா இவ இங்கனயே படிக்கட்டும். கெடைக்கலைன்னா நானே ஊருக்குக் கூட்டிட்டு வாரேன்."

அப்பா சரியென்று தலையசைத்தார். கிடைக்காது என்பதில் அவருக்கு அவ்வளவு உறுதி.

எங்களோடு அம்மாவின் தம்பியும் இருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் மற்றப் பாடங்களையெல்லாம் கடந்துவிட்டு, ஆங்கிலத்தில் மட்டும் ஆண்டுதோறும் தவறிக்கொண்டிருந்தவர். தமக்கும் எனக்குமாகச் சேர்த்து அவர் ஓர் உபாயம் கண்டுபிடித்தார். பழைய புத்தகக் கடையில் அட்டையிழந்து கிடந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிவந்தார். அது உலக சாதனைகளின் தொகுப்பு. பாடப்புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது, ஆள்நீள நகமும் வண்டிநிறையப் பூசணியும் மனிதனைத் தூங்கவிடா என்பது அவர் வாதம்.

அப்பா அந்தப் புத்தகத்தை மேலும் கீழும் பார்த்தார். "மாப்ள, பெயிலாகுறதுல நீயே ஒரு சாதனைக்காரன். இதுல ஒம்பேரு போட்டிருக்கானா?"

"இது பழைய புஸ்தகம் மச்சான். புதுசுல வரும்," என்றார் மாமா, முகம் மாறாமல்.

மாலைதோறும் அவர் உரக்க வாசிப்பார். நான் கேட்டுக்கொண்டே பூத் தொடுப்பேன். அம்மாவின் சட்டத்தையே மாமாவும் ஏற்றுக்கொண்டார். அன்றைக்கு ஓசை மட்டும், பொருள் மறுநாள். காரணம் எளியது. மறுநாளைக்குள் அவர் அகராதியைப் புரட்டித் தாமே பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சொற்கள் சேர்ந்தன, ஆனால் உதிரிப்பூவாகவே கிடந்தன. வாக்கியங்களைக் கோக்கும் சொற்கள் தனியே உண்டென்று மாமா விளக்கினார். தேர்ஃபோர், ஹவ்எவர், மோர்ஓவர். இவற்றை உரிய இடத்தில் வைக்கத் தெரியாமல்தான் தாம் இத்தனை ஆண்டுகள் தவறியதாக அவருடைய ஆராய்ச்சி. எனக்கோ அது புதிதாகவே தோன்றவில்லை. ஒன்றின் முடிவில் அடுத்ததன் தொடக்கத்தைக் கட்டுவது அந்தாதிதானே. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் அடுத்ததன் தலையில் வைத்து, நடுவே மாமாவின் சொற்களில் ஒன்றைச் செருகி மனப்பாடம் செய்தேன். கோயிற் பிரகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரைப் போலவே, நகம் வளர்த்தவரும் மீசை வளர்த்தவரும் என் மனத்தில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கடுஞ்செயலில் உறுதியாயிருந்தவர்கள் என்ற அளவில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

நான் ஒப்பிக்கையில் நூல் அறுந்தால், அம்மா வழக்கம்போல் அடுப்படியிலிருந்து அடியெடுத்துக் கொடுப்பாள். "தேர்ஃபோர்," என்று குரல் வரும். நானும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவேன்.

ஒருநாள் மாலை, ஒற்றைக்காலில் நெடுநேரம் நின்று சாதனை படைத்த ஒருவரைப் பற்றி மாமா வாசித்தார். வாசித்து மூச்சு வாங்குவதற்குள், அரிசி களைந்த ஈரக்கையோடு அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ஒத்தக் காலுல அம்புட்டு நேரம் நின்னானே, என்ன வரங் கேட்டான்?"

"வரமெல்லாம் இல்லக்கா. புஸ்தகத்துல பேரு வரும்."

"அம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா. அந்த மனிதர்மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது. தவம் தெரிந்தவனுக்குக் கேட்கத் தெரியவில்லையே என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள். மாமாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

தேர்வு நாளன்று அம்மா என்னோடு வந்து, கூடத்துக்கு வெளியே வராந்தாவில் நின்றாள். வேறொரு பள்ளியிலிருந்து வந்திருந்த ஆசிரியை பத்தியை வாசித்தார். என் தெய்வம் என்னைக் கைவிடவில்லை. அதுவும் ஒரு சாதனையாளரைப் பற்றியது: ஒரு தேசம் முழுவதையும் பின்னோக்கியே நடந்து கடந்த மனிதர். எனக்கு முன் சென்ற பிள்ளைகள் செய்திகளை நினைவு வைத்திருந்தார்கள், வரிசையைத் தவறவிட்டார்கள். ஒருத்தி அவரை வீடு சேர்த்துவிட்டுப் பிறகு புறப்பட வைத்தாள்.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். கை தானாகவே கூப்பிக்கொண்டது. எதை ஓதத் தொடங்கினாலும் முதலில் காப்புச் சொல்லியே பழகிய நா, கூடம் நிறைந்த ஆங்கிலத்தின் நடுவே விநாயகருக்கு ஒரு தமிழ்ப்பாட்டை முழுதாகப் பாடிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது காதில் விழவில்லை. அதன்பின் ஆங்கிலம் வந்தது. அவர் நடந்தது ஒரு சாலை. சாலை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கே நூல் அறுந்தது. கண்ணை மூடினேன். அடுப்படிப் புகைக்குள்ளிருந்து வரும் குரல் நெஞ்சுக்குள் கேட்டது: தேர்ஃபோர். ஆகவே, அவர் கண்முன் கட்டிக்கொண்டது ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரிந்தது வழியெங்கும் சிரித்த சனம். சனம் சிரித்தது, ஹவ்எவர், அவர் திரும்பவேயில்லை. ஒரு கண்ணியும் உதிராமல் அவரை வீடு சேர்த்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பலன் சொல்லாமல் ஓதலை முடிக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பின்னோக்கி நடந்தவரின் இந்த வரலாற்றைக் கேட்டோரும் சொன்னோரும் எல்லா நலமும் பெறுவர் என்று என்னால் இயன்ற ஆங்கிலத்தில் கூறி, "திருச்சிற்றம்பலம்" என்று முடித்தேன்.

சொன்னால் கேட்டவர்கள் திருப்பிச் சொல்லவேண்டிய சொல் அது. வராந்தாவின் சன்னல் வழியே அம்மாவின் குரல் வந்தது: "திருச்சிற்றம்பலம்."

வந்திருந்த ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை ஆண்டு ஆங்கிலம் வாசித்ததற்குப் பலன் உண்டென்று தமக்கு இன்றுதான் தெரிந்தது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னதை, மறுநாள்வரை காத்திராமல், அக்கணமே புரிந்துகொண்டேன். அதுவே என் முதல் வெற்றி. இடம் எனக்கே என்ற அறிவிப்பு அதற்கடுத்தபடியாகத்தான் வந்தது.

அவ்வாண்டு மாமாவும் ஆங்கிலத்தில் தேறினார். "நல்லா இருந்த சாதனையைக் கெடுத்துட்டியே மாப்ள," என்றார் அப்பா. ஊருக்கு மூட்டை கட்டும்போது என் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தவரும் அவரே. நான் விடுதிக்குப் போனேன். அம்மா கொட்டாம்பட்டிப் பேருந்தில் ஏறிப்போனாள்.

அந்த வீட்டில் அவ்வாண்டு ஆங்கிலம் கற்றவர்கள் நானும் மாமாவும் மட்டுமே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் சென்றபின், ஒரு விடியலில் விளக்கின்முன் ஓதிக்கொண்டிருக்கையில் அந்த மாலை நினைவுக்கு வந்து, பாட்டை அப்படியே நிறுத்திவிட்டேன். ஒற்றைக்காலில் நின்றவரைப் பற்றி மாமா அன்று ஆங்கிலத்தில் மட்டுமே வாசித்திருந்தார். பொருளை எங்களுக்கு அவர் சொன்னது மறுநாள்.