உப்பிட்டு வந்த பார்சல்

ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு வாரமாக நான் என்னென்ன சாப்பிட்டேன் என்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டுபோய், முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் பெண்ணிடம் காட்டினேன். இருபத்தாறு வருடம் இங்கே இருந்தும் இது எனக்குப் புதிது. மூன்று வகை மாத்திரை போட்டும் பிளட் பிறசர் இறங்கவில்லை, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று சொல்லி டொக்டர்தான் அந்த உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

நான் தைரியமாகத்தான் போனேன். முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையலுக்கு உதவியாக வேலை. நாள் முழுக்க ரின் உடைப்பதும் பக்கெற் வெட்டுவதும்தான் என் தொழில். அந்தத் தொழிற்சாலைச் சாப்பாட்டில் ஒரு வாய்கூட நான் வைப்பதில்லை. எனக்கு ஊரிலிருந்து, அனலைதீவிலிருந்து, அக்காவின் பார்சல் வருகிறது: கருவாடு, மோர்மிளகாய், மாங்காய் ஊறுகாய். கொப்பியில் பெருமையோடு அதைத்தான் எழுதியிருந்தேன்.

கருவாடு 'ஃபெரார்பைற்றெற்'தானே, பதப்படுத்தியதுதானே என்று அந்தப் பெண் ஜேர்மன் மொழியில் கேட்டார். எனக்கு அந்தச் சொல் என்றால் தொழிற்சாலைதான். "இல்லை, இல்லை. என் அக்கா வெயிலில் காயவைத்தது" என்றேன். எவ்வளவு உப்பு என்றார். இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினேன்.

"முழுப் பார்சலுக்குமா?"

"ஒரு பெரிய மீனுக்கு."

பேனையை வைத்துவிட்டார். தொழிற்சாலையில் செய்தாலென்ன, வெயிலில் உலர்த்தினாலென்ன, இரண்டும் பதப்படுத்தல்தானாம். கருவாட்டில் நல்ல புரதம் உண்டு, ஆனால் என் சிறுநீரகத்துக்கு அந்த உப்பு ஆகாதாம். நான் தினமும் பக்கெற் வெட்டிக் கொட்டும் உறைந்த பட்டாணியும் பதப்படுத்தியதுதானாம், உப்பில்லாததால் அதைத் தாராளமாகச் சாப்பிடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவின் கையையும் தொழிற்சாலையையும் ஒரே நிரையில் வைக்கிறாரே!

பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று யோசித்தேன். சின்ன வயதில் ஊரில் ஐயா கடலில் பிடித்துவரும் மீன் மத்தியானமே சட்டிக்குள் போய்விடும். மிஞ்சினதை அம்மா உப்பிட்டுக் காயப்போடுவார். காற்றுக் கிளம்பி வள்ளம் இறங்க முடியாத நாட்களில் மட்டும் அதை எடுப்போம். எனக்கோ இங்கே இருபத்தாறு வருடமும் வள்ளம் இறங்காத நாளாகவே போயிருக்கிறது.

ஆறுதல் சொல்வார் என்று நினைத்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். வெள்ளைக்காரி கருவாட்டைக் குறை சொல்கிறாள் என்றேன்.

"ஓமடா தம்பி, அது சரிதானே. அத்தானுக்குப் பிறசர் எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்ன நாள் தொட்டு நாங்கள் அதைத் தொடுறேல்லை. ஏழெட்டு வருசமாச்சு."

"அப்ப எனக்கு அனுப்பினது?"

"உனக்கெண்டுதான் மீன் வாங்கிப் போடுறனான். நீ ஆசையாக் கேக்கிறாய். வேண்டாமெண்டு என்னெண்டு சொல்லுறது?"

துரோகம் என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அத்தானைக் காப்பாற்றியவருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல ஏழெட்டு வருடமாக மனம் வரவில்லை. அவர்களோடு ஒரே பந்தியில் இருக்கிறேன் என்ற நினைப்பில்தான் நான் ஒவ்வொரு பிடியும் சாப்பிட்டேன். பந்தி எப்போதோ எழும்பிவிட்டது. நான் மட்டும் இலைக்கு முன்னால் இருந்திருக்கிறேன்.

"இண்டைக்கு அங்கை என்ன கறி?" என்று கேட்டேன்.

"விளைமீன். விடியப் பிடிச்சது. அது கிடக்கட்டும், இனி உனக்கு என்னத்தை அனுப்புறது?"

"அந்த விளைமீனிலை ரெண்டு துண்டு அனுப்புங்கோ."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கறி அடிப்பிடிக்கப் போகுது என்று சொல்லிப் போனை வைத்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.