நிறுத்தத் தெரியாத விமானம்

நேற்று மகள் போனில் விமானச் சண்டை ஆடிக்கொண்டிருந்தாள். பாதியில் ஒரு பட்டனைத் தட்டி, விமானத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டுத் தோசை சாப்பிடப் போய்விட்டாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! அவள்மேல் இல்லை, முருகேசன்மேல்.

அதே விளையாட்டுதான். கீழே நம் விமானம், மேலிருந்து எதிரி விமானங்கள் வந்துகொண்டே இருக்கும், சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நானும் முருகேசனும் ஒரே அறையில் இருந்தோம், இருவரும் தெற்கத்திக்காரர்கள். முருகேசன் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கீபோர்டு மாதிரி ஒரு பெட்டியை வாங்கிவந்தான். டிவியில் மாட்டினால் கம்ப்யூட்டராம். பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான் என்று அவன் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பையன் அதில் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. காயாத யூனிபாரம் நாற்றத்துக்கு நடுவே எந்நேரமும் விமானம்தான். கீழ்வீட்டு ஓனரம்மா வேறு, "இன்னாபா, உங்க ரூம்ல எப்பவும் சண்டை நடந்துகினே கீது?" என்பார்.

அந்தப் பெட்டியிலும் நிறுத்திவைக்கும் பட்டன் இருந்தது. கண்ணெதிரே, சிவப்பாக. நாங்கள் தொட்டதே இல்லை. ஏன் என்கிறீர்களா? எங்களுக்குக் கம்பெனியில் லைன் வேலை, ஓடுகிற பெல்ட்டில் வரும் சாமானைப் பூட்டிப் பூட்டி அனுப்ப வேண்டும். அங்கே சிவப்புப் பட்டனை அழுத்தினால் லைனே நின்றுவிடும், சூப்பர்வைசர் வந்து மானத்தை வாங்குவார். மூத்திரம் முட்டினாலும் ரிலீஃபுக்கு ஆள் வந்தால்தான் நகரலாம். அந்தப் புத்தி அறைக்கும் வந்துவிட்டது. ஒருவன் குளிக்கப் போனால் மற்றவன் ஓடுகிற விமானத்தைக் கைமாற்றி வாங்குவான். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்போது இருவரும் ட்ரெய்னி. பெட்டி வாங்கிய சில மாதத்தில் பர்மனென்டுக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு நாள் வராவிட்டாலும் பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் முருகேசனுக்கு மதிய ஷிப்ட், எனக்கு நைட். நான் மெஸ்ஸுக்குச் சாப்பாடு வாங்கப் போனேன். திரும்பினால் கோவில் தேர் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கூட்டம் இந்தப் பக்கமும் விடவில்லை, அந்தப் பக்கமும் விடவில்லை.

ஒருவழியாக வந்து சேர்ந்தேன். முருகேசன் யூனிபாரம், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, கடைசி உயிரில் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். கம்பெனி பஸ் போய்விட்டது.

"எங்கலே போன? புடி, புடி! இவ்வளவு தூரம் வந்ததே இல்ல."

"பஸ்ஸு போயிட்டேலே!"

"ரிலீஃபு வராம எப்படிலே போவ?"

பெட்டியை என் கையில் திணித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடினான். அவனை ஓங்கி அறையலாம்போல இருந்தது. அந்த ஆத்திரத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அவன் படி இறங்குவதற்குள் விமானம் வெடித்தது.

பொழுது சாய்வதற்கு முன்பே திரும்பிவிட்டான். கம்பெனி கேட்டில் உள்ளே விடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஷூவைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டான்.

"பிளேன் இருக்காலே?"

இல்லை என்றேன். அதற்குத்தான் அழுதான், மடையன்.

அந்த மாதமே ஊருக்குப் போய்விட்டான். நான் பர்மனென்ட் ஆனேன். சில வருஷத்தில் கம்பெனியையே மூடிவிட்டார்கள். லைன் ஓடிய ஷெட்டில் இப்போது யாரோ அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள், பர்மனென்ட் ஆன நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு திக்கில். இதை முருகேசனிடம் சொல்லலாம் என்றால், அவன் நம்பர் யாரிடமும் இல்லை.