இரு மடங்கு காமாலை

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு ஜாதகமும் காரணமல்ல, சீர்வரிசையும் காரணமல்ல. ஒரு பத்திரிகைத் தலைப்புதான் காரணம்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வரும் தமிழ்ப் பேப்பரை, மோட்டார் ரூம் நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டு அப்பா படிப்பார். கரண்ட் வருவதற்குள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முடித்துவிடுவார். அச்சில் வந்ததை அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. அம்மா வானத்தைப் பார்த்து மழை வரும் என்றால் சிரிப்பார். பேப்பரில் மழை என்று போட்டிருந்தால், கொளுத்தும் வெயிலிலும் களத்தில் காயும் கொப்பரையை அள்ளச் சொல்லுவார்.

மாப்பிள்ளை உடுமலைப் பக்கத்து உறவு. சூரியநெல்லிக்கு அந்தண்டை ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. பெண் பார்க்க வந்த அன்று என் கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டி ஒரு துணி சுற்றியிருந்தேன். கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தையும் நகையையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் விரலைப் பார்த்தார். "ரொம்ப இறுக்கிக் கட்டிட்டீங்க, ரத்தம் ஓடாது. கொஞ்சம் தளர்த்துங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது!

நிச்சயத்துக்கு வரும்போது மலையிலிருந்து மறையூர் வெல்லம் ஒரு கூடை கொண்டுவந்தார்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தத் தலைப்பு வந்தது. "மலைத் தோட்டத்தில் மஞ்சள் காமாலை இரு மடங்கு! தொழிலாளர்கள் பீதி!" அவர் வேலை பார்த்த அதே தோட்டத்தின் பெயரும் போட்டிருந்தது. தலைப்பு விரல் தடிமன், அதன் கீழே செய்தி நாலே வரி. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி போன வருஷத்தைவிட இந்த வருஷம் இரு மடங்கு என்றார்களே தவிர, எத்தனை பேருக்கு வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

அப்பா கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். "என்ற புள்ளய நோய்க்கு நடுவுல கொண்டுபோயி உட முடியாது. இந்தச் சம்பந்தம் வேண்டாம்!" என்று சொல்லிவிட்டு, கோபத்தில் மறுபடி பொத்தென்று உட்கார்ந்தார். கட்டிலில் கழற்றி வைத்திருந்த மூக்குக் கண்ணாடி அவருக்குக் கீழே நொறுங்கியது. என் வாழ்க்கையில் நடந்த பெரிய அதிர்ஷ்டங்களில் அது ஒன்று.

கண்ணாடி ரிப்பேருக்குப் பாலக்காடு போயிற்று. வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவதும் கடிதம் எழுதித் தருவதும் என் வேலை ஆயிற்று. முதல் கடிதமாக, மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுதச் சொன்னார். என் கல்யாணத்தை நிறுத்தும் கடிதத்தை நானே எழுத வேண்டுமாம்! பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றேன். மறுநாள் இன்லண்ட் லெட்டர் கிடைக்கவில்லை என்றேன். மூன்றாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "கடுதாசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். வெள்ளிக்கிழம பஸ் ஏறி நானே உடுமலைக்குப் போயிச் சொல்லிட்டு வந்தர்றேன்" என்றார்.

இதற்கு நடுவில் அந்த வெல்லத்தையும் யாரும் தொடக்கூடாது, மாட்டுக்குப் போடு என்று உத்தரவு. அம்மா சரி என்றாள். புதன்கிழமை பருப்புப் பாயசத்தை அப்பா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். எந்த வெல்லம் என்று அவர் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. மாடுதான் ஏமாந்துபோயிற்று.

வாய் திறந்து எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இடமில்லை. சொல்லியிருந்தாலும் அச்சடித்த எழுத்துக்கு முன்னால் என் பேச்சு எடுபட்டிருக்காது. அப்போதுதான், அச்சுக்கு அச்சால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல மோட்டார் ரூம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தேன். டெல்லியைப் படித்தேன், கொப்பரை விலையைப் படித்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பி, குரலை மாற்றாமல், பேப்பரில் இல்லாத ஒன்றையும் படித்தேன்.

"தென்னை மரத்திலிருந்து விழுவோர் இரு மடங்கு! கிராமத்தில் பீதி!"

"எந்த ஊருல?" என்றார் அப்பா.

"நம்ம ஊருதானுங்கப்பா. பேரே போட்டிருக்குது. 'போன வருஷத்தைவிட இந்த வருஷம் இரு மடங்கு. வெளியூர்க்காரர்கள் இங்கே பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குகிறார்கள்.'"

கடைசி வரியைக் கொஞ்சம் அதிகமாகத்தான் போட்டுவிட்டேன். ஆனால் வேலை செய்தது. அப்பாவின் முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது.

"எந்த மடையன் எழுதுனான் இதய? நம்ம ஊருல உளுந்தது ஒரே ஒருத்தன். நம்ம தோப்புல மரம் ஏறறானே, அவந்தான். போன வருசம் ஒருக்கா உளுந்தான். இந்த வருசம் ரெண்டு வாட்டி. ரெண்டும் அவனேதான்! அதுலயும் ரெண்டாவது வாட்டி ஆளுயரங்கூட ஏறல. ஊருல எத்தன மரம், எத்தன பேரு ஏறறாங்க! ஒருத்தன் உளுந்ததுக்கு ஊரே உளுந்த மாதிரி எழுதறதா?"

நான் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அப்ப மலையில எத்தன பேருக்குங்கப்பா காமாலை?"

அப்பா வாய்க்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்தது. அதை நிறுத்திவிட்டு வந்து, "மாப்பிள்ளைக்கே ஒரு கடுதாசி போடு. எத்தன பேருன்னு கேளு" என்றார். பேனாவில் மை இருந்தது. இன்லண்ட் லெட்டரும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பஸ் அப்பா இல்லாமல் போயிற்று. அடுத்த வாரமே பதில் வந்தது. கார்டில் மூன்று வரி. "போன வருஷம் இரண்டு பேர். இந்த வருஷம் நான்கு பேர். தோட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறோம், நால்வரும் குணமாகி நலமாக இருக்கிறார்கள்." நான் படித்துக் காட்டியதும் அப்பா கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார், வேறெதுவும் இல்லை. "நாலு பேருக்கா இத்தன பெரிய எழுத்து?" என்று பேப்பர்காரனைத் திட்டிவிட்டு, பந்தல்காரனுக்கு ஆள் அனுப்பினார்.

கண்ணாடி வந்தபிறகு அவர் பழைய பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் பார்த்தேன். மெதுவாக அடுப்படிக்கு நழுவிவிட்டேன். கல்யாணம் முடிந்து, நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறையூர் பஸ்ஸில் ஏறும்போது அப்பா ஜன்னலுக்கு அருகில் வந்து, "தென்னமரத்துச் சமாச்சாரம் எந்தப் பக்கத்துல போட்டிருந்தான் அம்முணி? நானும் தேடித் தேடிப் பாக்கறேன்" என்றார். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. பஸ் புறப்படும்வரை அவர் சிரித்துக்கொண்டே நின்றார்.

மலைக்குப் போன முதல் மாதம். கணவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனவள், ஆஸ்பத்திரி மேஜைமேல் நோயாளிப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். என் கல்யாணத்தையே ஆட்டிவைத்த புத்தகமல்லவா! பக்கங்களைப் புரட்டினேன். போன வருஷம் பாதி மாதங்கள் வெறும் வெள்ளைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அப்ப இங்க கம்பவுண்டரே இல்ல. காமாலை வந்த தொழிலாளிங்க லயத்து வீட்டுலயே கெடந்து கீழாநெல்லி அரச்சுக் குடிச்சிருப்பாங்க. எழுத ஆளில்ல" என்றார்.

இந்த வருஷத்து நாலு பெயரையும் தேடினேன். முதல் இரண்டு பெயரும் கொழுந்து எடுக்கும் பெண்கள். மூன்றாவது ஒரு வயசான கங்காணி. அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவராம். இவரே லயத்துக்குப் போய்க் கண்ணை விரித்துப் பார்த்து, பிடிவாதமாக இழுத்து வந்து எழுதியிருக்கிறார். நாலாவது பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். கையெழுத்தும் அவருடையது, பெயரும் அவருடையது.

"ஏனுங்க, இத ஏன் சொல்லல?"

"நால்வரும் நலம்னு எழுதியிருந்தேனே" என்று சோற்றைப் பிசைந்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எத்தனை பேர் என்று அப்பாவை அத்தனை கெட்டிக்காரத்தனமாக மடக்கி, ஆயிரத்தில் நாலு பேர்தான் என்று பதிலும் வாங்கியிருந்தேன். அந்த நாலில் ஒருவரைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயந்திரமே பெரிய பாத்திரம் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கொதிக்காத தண்ணீர் யார் தொண்டையிலும் இறங்கியதில்லை.

ஆனால் தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்பு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு நாலாகியிருந்தது. கூடிய இரண்டில் ஒன்று இவர் தேடிப் பிடித்து எழுதியது, இன்னொன்று இவருக்கே வந்தது. ஊரைக் கலக்கிய அந்த இரண்டாவது மடங்கு முழுக்க என் வீட்டுக்காரர்தான்.