அன்பினாலும் பிரியத்தினாலும்

என் கல்யாண ஆல்பத்தை என்னைவிட அதிக நேரம் உற்றுப் பார்த்தவர் என் வக்கீலம்மாதான். தஞ்சாவூரில் ஒரு மாடி அறை. மேசை மேல் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, பேனா மூடியால் என் கழுத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். இது நெக்லஸா? இதற்குக் கீழே தொங்குவது ஆரமா? இடுப்பில் இருப்பது? பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் பெயரும் பவுனும் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. படத்தில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது.

ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் நீட்டி முழக்குவதில்லை. என் கணவர் முதல் தடவை கை நீட்டியபோது அழுதேன். இரண்டாம் தடவை என் அண்ணனிடம் சொன்னேன், அனுசரித்துப் போகச் சொன்னார். மூன்றாம் தடவை வலங்கைமானில் பஸ் ஏறி, தஞ்சாவூரில் மகள் படிக்கும் கல்லூரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை எனக்கு. ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன் என்று பெயர். அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன், மரியாதையால் அல்ல, இருபது வருஷப் பழக்கதோஷம்.

பிரிந்தால் சொத்தில் பாதி வரும் என்று நினைத்துக்கொண்டுதான் வக்கீலம்மாவிடம் போனேன். சீரியல் பார்த்து வந்த புத்தி. அவர் முதல் நாளே அதைத் துடைத்துப் போட்டார். பாதி என்று ஒரு சட்டம் இங்கே கிடையாது, யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நான் கொண்டுபோன நகையும் சீரும் என்னுடையவை. ஜீவனாம்சம் கேட்கலாம், அது வேறு கணக்கு. நிலம் வேண்டுமானால் அது என் பணத்தில் வாங்கியது என்று காட்ட வேண்டும்.

அவருடைய பாட்டன் பூட்டன் நிலம் எனக்கு வேண்டாம். அதை அவர்களே கட்டிக்கொண்டு அழட்டும். நான் கேட்டது ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர். வாய்க்காலின் தலைமடையில் இருப்பது. ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் அந்த மடையில்தான் ஏறும். கடைமடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வருஷத்திலும் அங்கே நாற்று பச்சையாக நிற்கும். என் ஆரத்தை விற்று வாங்கிய நிலம் அது. எட்டுப் பவுன் ஆரம். அப்பா எனக்காகச் சொந்தமாகச் செய்து போட்ட பெரிய நகை அது ஒன்றுதான். பக்கத்து நிலக்காரர் விற்கிறார் என்று அவர் வந்து சொன்ன அன்றைக்கே கழற்றிக் கொடுத்தேன். பத்திரம் அவர் பேரில். சொசைட்டிக் கடன், பட்டா எல்லாம் ஒரே பேரில் இருந்தால் சுலபம் என்றார். நமக்குள்ளே என்ன உன்னுது என்னுது என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னவள் நான்தான். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆல்பத்தில் இருந்த மற்றவை இரவல். பேசியது இருபத்தைந்து பவுன், அப்பாவால் முடிந்தது பன்னிரண்டு. மண்டபத்தில் நான்கு பேர் பார்க்க வேண்டுமே என்று ஒட்டியாணம் சித்தியிடமிருந்து வந்தது, கை நிறைய வளையல் அண்ணியிடமிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் இதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு நாள் போட்டோவுக்கு, ஒரு நாள் மேடைக்கு. மூன்றாம் நாள் குத்தாலத்தில் என் பிறந்த வீட்டுக்கு மறுவீடு வந்தபோது இரவலையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கட்டினவரிடம் பொய்யோடு ஆரம்பிக்க மனசு வரவில்லை. அவர் சிரித்தார். தன் அம்மாவிடம் நகையெல்லாம் பேங்க் லாக்கரில் இருக்கிறது என்று சொல்லி, கடைசிவரை அப்படியே நம்பவைத்தார். எங்கள் குடித்தனத்தில் அவர் எனக்காகச் செய்த பெரிய நல்ல காரியம் அது. அதற்காக எத்தனையோ வருஷம் எத்தனையோ விஷயங்களை நான் பொறுத்துப் போயிருக்கிறேன்.

அவர் தரப்புப் பதில் மனு வந்தது. வக்கீலம்மா படித்துக் காட்டினார். மனுதாரர் படத்தில் அணிந்திருக்கும் ஒட்டியாணம், வளையல்கள், ஆரம் யாவும் இரவல் வாங்கப்பட்டவை, திருமணமான மூன்றாம் நாளே திருப்பித் தரப்பட்டவை, இதை மனுதாரரே தன் வாயால் எதிர்மனுதாரரிடம் கூறியுள்ளார்.

நம்பிச் சொன்ன ரகசியத்தை இருபது வருஷம் பத்திரமாக வைத்திருந்து, அதில் ஆரத்தையும் ஒரு ஓரமாகச் செருகி என் மேலேயே எறிந்திருக்கிறார். அடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

உண்மையா என்று வக்கீலம்மா கேட்டார். நான் வாயெடுப்பதற்குள், சுத்தப் பொய் மேடம் என்றார் அண்ணன். இல்லை, ஒட்டியாணமும் வளையலும் இரவல்தான், ஆரம் மட்டும் என்னுடையது என்று நான் சொன்னேன். வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“லிஸ்ட்ல ஒண்ணு பொய்னு ஆயிட்டா எல்லாமே பொய்னு ஆயிடும்மா. உண்மையான ஒரு நகையையும் நீங்களே கெடுத்து வச்சிருக்கீங்க.”

அவர் கோபப்பட்டது நியாயம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள். நாங்கள் எறிந்துவிட்டு வந்திருந்தோம்.

அடுத்த வாரம் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மூன்று வயது இருக்கும். ரத்தம் எடுக்க விடாமல் திமிறியது. கூட வந்த தாய்மாமன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் குனிந்து ஊசி குத்தினேன். குழந்தை என் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்து அலறியது. அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. என் மகளுக்குக் காதுகுத்து நடந்தபோது அவளும் இப்படித்தான் என் ஆரத்தைப் பிடித்து இழுத்தாள். மாமன் மடியில் உட்கார்ந்தபடி. கல்யாணமாகி நாலரை வருஷம் கழித்து. அந்தப் படம் பெரிதாக்கி பிரேம் போட்டு அண்ணன் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. இரவல் நகையை யார் நாலரை வருஷம் போட்டுக்கொண்டு திரிவார்கள்? அடுத்த மாதமே நிலம் வாங்கினோம். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அந்த ஆரம் கிடையாது.

ஆக, அண்ணன் தினமும் சாப்பிட்டுக் கை கழுவி வரும் வழியில் என் சாட்சி தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியும். அதில் என் கைகள் மொட்டையாக இருப்பதும் தெரியும். ஆரத்தைக் காட்டினால் வளையல் இல்லாததும் தெரிந்துபோகும் என்றுதான் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை குத்தாலம் போனேன். அண்ணி காபி கலந்துகொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். அண்ணன் என் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். ஊரில் அப்பாவுக்கு இருந்த மரியாதையைப் பற்றிப் பேசினார். மகளுக்கு இருபத்தைந்து பவுன் போட்டு அனுப்பினவர் என்று இன்றைக்கும் சொல்கிறார்களாம்.

“செத்து ஆறு வருஷமான மனுஷன கோர்ட்டுல கொண்டு நிறுத்தப் போறியா?”

“என்னைய நிறுத்தலாமாண்ணே?”

அவர் விலகி வழிவிட்டார். படத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அப்பா மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவர் போட்ட பன்னிரண்டு பவுனை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தால் அந்த ஆரம் அன்றே எல்லோருக்கும் தெரிந்த ஆரமாக இருந்திருக்கும்.

வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், அவருடைய வக்கீல். இந்தப் பக்கம் நாங்கள். அண்ணனும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் சமரசம் பேச ஒரு வயதான வக்கீல். நான் ஆல்பத்தை முதலில் திறந்தேன். ஒட்டியாணம் சித்தியுடையது, வளையல் அண்ணியுடையது, மனுவில் எழுதியது தப்பு என்று சொன்னேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மறுவீட்டில் சிரித்த அதே சிரிப்பு.

அப்புறம் பிரேமை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். படத்தின் ஓரத்தில் பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர்தான். இந்த ஆரத்தை மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்தது யார், எந்த ஊரில், யாரிடம் என்று சொல்லச் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், தன் வக்கீலைப் பார்த்தார். வயதானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பத்திரத்தில் இருந்த தேதியையும் பார்த்தார். பிறகு அவர்கள் இருவரையும் வெளியே போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார்.

திரும்பி வந்து, சரி, அந்த ஒன்றரை மாவை மகள் பேருக்கு எழுதிவிடுகிறேன் என்றார் அவர். அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. வயதானவருக்குச் சந்தோஷம். அண்ணன் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து, நல்ல முடிவு என்றார். என் வக்கீலம்மாகூட என் பக்கம் திரும்பி, எப்படியும் அவளுக்குத்தானே போகப் போகிறது என்று மெதுவாகச் சொன்னார். பெண்டாட்டிக்குக் கொடுப்பதென்றால் தோற்றது போல. பெண்ணுக்குக் கொடுத்தால் நல்ல தகப்பன். என்ன சாமர்த்தியம்.

“என் கழுத்துலேர்ந்து போனது என் பேருக்குத்தான் வரணும். என் பொண்ணுக்குக் குடுக்கணும்னா நான் குடுத்துக்கிறேன்.”

தாயா நீ என்பது போல எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். ராத்திரி மகளிடம் சொன்னபோது அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள், சரியாச் சொன்னேம்மா என்று. எனக்கு அது போதும். இன்னும் இரண்டு முறை உட்கார்ந்து பேசிய பிறகு அவர் ஒத்துக்கொண்டார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

விவாகரத்து தீர்ப்பாவதற்குள் பத்திரத்தை முடித்துவிடுவது நல்லது என்றார் வக்கீலம்மா. மனைவியாக இருக்கும்வரை குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்ட், முத்திரைக் கட்டணம் குறைவு. தீர்ப்புக்குப் பிறகு நான் அந்நியப் பெண். பத்திர எழுத்தர் கடையில் அவர் ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு. எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்து, மந்திரம் சொல்வது போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். என் மனைவியாகிய தங்கள் பேரில் எனக்குள்ள இயற்கையான அன்பினாலும் பிரியத்தினாலும், யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, என் மனப்பூர்வமாக, தங்களுடைய வருங்கால நன்மையை உத்தேசித்து...

நிறுத்தச் சொன்னேன். அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

எழுத்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அது எல்லாத்துலயும் வர்றதும்மா. அன்பு இல்லன்னா செட்டில்மெண்ட் இல்ல, கிரயமாயிடும். ஸ்டாம்ப் முழுசா கட்டணும்.”

என் நகையை விற்று வாங்கிய நிலம் என்று எழுத முடியுமா என்று கேட்டேன். அப்படி எழுதினால் பதிவில் ஆயிரம் கேள்வி வரும் என்றார். அன்பில்லாமல் எழுத எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். அந்தத் தொகை என்னிடம் இல்லை. அந்தப் பெஞ்சில் அவர் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் உத்தமனாகிக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டேன். ரேகையும் வைத்தேன். அதே வாரம் கோர்ட்டில் இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பிரிந்து வாழ்கிறோம், இனிச் சேர்ந்து வாழ இயலாது என்பது அந்தத் தாள். இரண்டிலும் ஒரே மையில் ஒரே கையெழுத்து. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நிலம் இப்போது என் பேரில். பட்டா மாறிவிட்டது. இந்தச் சம்பாவுக்கு நானே ஆள் விட்டு நட்டேன், மடையை நானே திறந்துவிட்டேன். தண்ணீர் ஏறுவதைப் பார்த்து நின்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நூறு வருஷம் கழித்து யாராவது பத்திர நகல் எடுத்துப் படித்தால் என்ன தெரியும்? வலங்கைமான் பக்கத்தில் ஒருவர் பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியமாக இருந்திருக்கிறார், தலைமடை நிலத்தையே தூக்கிக் கொடுத்திருக்கிறார். கொடுத்து வைத்தவள் என்று என்னைச் சொல்வார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் காதுகுத்துப் படத்தை பிரேமிலிருந்து பிரித்து எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பரிசோதனைக் குழாய்களில் பெயர் எழுதுகிற அழியாத பேனாவால் எழுதினேன்: என் கழுத்தில் உள்ள ஆரத்தை விற்று வாங்கிய நிலம் இது, யாரும் எனக்கு அன்பாகக் கொடுத்ததில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, பத்திரம் இருக்கும் அதே கவரில் செருகி வைத்திருக்கிறேன்.