காற்றையும் சேர்த்து அளந்த ஆறு

ஐம்பதுகளின் தொடக்கம், கார்த்திகை மாதம். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் வாயை மணல்மேடு பாதி அடைத்திருந்தது. மழைவெள்ளம் வடியாமல் குப்பத்துக்குள் ஏறியது. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்ற கணக்கைப் பார்த்துத்தான் மேட்டை வெட்டுவதா என்று மேலிடம் முடிவு செய்யும். பகல் பன்னிரண்டுக்குள் கணக்கு போக வேண்டும்.

பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். ஆள் போதாமல், ஆற்றை அளக்க வந்த பொதுப்பணித் துறை ஓவர்சியர் என்னிடமே கடிகாரத்தைக் கொடுத்தார். கரையில் நூறடி இடைவெளியில் இரண்டு கம்பங்கள். மேல்கம்பத்துக்கு நேரே படகிலிருந்து அவர் ஒரு தேங்காய் நெற்றை விட்டுக் கையைத் தூக்குவார். அது கீழ்க்கம்பத்தைக் கடக்கும் வரை நான் விநாடி பார்க்க வேண்டும்.

ஆற்றின் குறுக்கே இழுத்த கயிற்றில் படகைக் கட்டச் சொன்னார். படகுக்காரர் குப்பத்து ஆள். அவர் கேட்கவில்லை.

"கட்னா வெள்ளம் கவுத்துடும் சார். கையால புடிச்சிக்கினு இருக்கேன். ரொம்ப இஸ்துச்சுன்னா வுட்டுடலாம்."

மூன்று நெற்றுகளும் ஐம்பது விநாடிக்கு மேல் எடுத்தன. கரைக்கு வந்து ஓவர்சியர் கணக்குப் போட்டார்.

"பெரிய வேகமில்லை. வெட்ட வேண்டியதில்லை."

"இன்னா சார் அளந்த, தண்ணியவா, காத்தையா?" என்றார் படகுக்காரர். "நெத்து தலைய தூக்கிக்கினு போவுது. கடல்காத்து அது மூஞ்சிலயே அடிக்குது. தண்ணி அடியில ஓடிக்கினு கீது."

"பதினஞ்சு வருஷமா நெத்து விட்டுத்தான் அளக்கிறேன்."

"எங்க?"

"தஞ்சாவூர் வாய்க்கால்ல."

"அங்க கடல் கீதா?"

ஓவர்சியர் என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. ஒரு மூங்கில் துண்டை வெட்டி, அடியில் கல்லைக் கட்டி, இரண்டு விரல் அளவு மட்டும் வெளியே தெரியும்படி மறுபடி படகிலிருந்து மிதக்க விட்டார். முப்பத்தொரு விநாடி. மறுபடி விட்டார். முப்பது.

பழைய எண்ணை அவர் சுரண்டி அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே புதியதை எழுதி, இரண்டுக்கும் பக்கத்தில் கையெழுத்திட்டார். நான் பார்த்த விநாடிகள் இரண்டு முறையும் சரிதான். கவனமாக எண்ணினால் உண்மை வந்துவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

மூன்று மணிக்கு மேட்டை வெட்ட மண்வெட்டிகளோடு ஆட்கள் வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் குப்பத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. படகுக்காரரோடு அவர் வீடு வரை போனேன். பின்சுவர் விழுந்து கிடந்தது. விடியற்காலையிலேயே விழுந்துவிட்டதாம். ஆற்றை அளந்து முடிக்கும் வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.