திண்டிவனம் பேருந்தில் அஞ்சலை அக்கா

இரண்டாம் பீரியட் நடந்துகொண்டிருந்தபோது மல்லிகாவின் அழைப்பு வந்தது. "டீச்சர், அஞ்சலை அக்கா பூட்டாங்க. விழுப்புரம் ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டுக்கினு வர்றோம்" என்றாள். சந்தையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவள் மல்லிகா. கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தேன். அக்கா இறந்த அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து திண்டிவனத்துக்கு மீன் கொண்டுபோகும் பெண்களோடு அதே காலைப் பேருந்தில் போகிறவள் நான். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அக்காவை அந்தப் பேருந்தில்தான் தெரிந்திருக்கும்.

கூடையோடு பெண்கள் மட்டும் நின்றால் சில ஓட்டுநர்கள் நிறுத்தாமல் போய்விடுவார்கள். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளை வேட்டி கட்டிய தன் கணவரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு சவுக்குத் தோப்பில் பதுங்கிக்கொள்வார். பேருந்து நின்றதும் கூடைகளோடு பாய்ந்து ஏறுவார்கள். கணவர் மட்டும் ஏறமாட்டார்.

"இன்னா நைனா, நீ வரலியா?" என்றார் நடத்துநர் ஒருநாள்.

"அவரு எங்க வர்றாரு? பஸ்ஸ நிறுத்தறதுதான் அவரு வேல. கண்ணாலம் கட்டனதுலேர்ந்து உருப்படியா செய்றது இது ஒண்ணுதான்" என்றார் அக்கா. பேருந்தே சிரித்தது. நடத்துநரும்தான்.

ஆனால் சந்தைக்குள் போய்விட்டால் அந்தத் தந்திரம் எதுவும் செல்லாது. அங்கே பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அதனால் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பும் இவர்கள், மதியத்துக்கு மேல் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. புதிதாகக் கூடை தூக்கும் பெண்ணுக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள். "மீனு வாடக்கூடாதுன்னு அதுக்குத் தண்ணி தெளிச்சிக்கினே கீறோம். நாங்க வாடனா யாரு தெளிப்பா?" என்பார் அக்கா. நீர்க்கடுப்பு அடிக்கடி வந்தது. சோம்பைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு மறுநாள் கிளம்பிவிடுவார்.

ஒருநாள் சந்தை அலுவலகத்துக்குப் போய்ச் சாவி கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்றார் அங்கிருந்தவர். "மெதுவா தேடுங்க சார். அது வரிக்கும் உங்க கக்கூசுக்குப் போறோம்" என்ற அக்கா, வாசல் பக்கம் திரும்பி, "வாங்கடி எல்லாரும், லைன்ல நில்லுங்க!" என்று கூப்பிட்டார். மீன் கழுவிய ஈரப் புடவைகளோடு அத்தனை பேரும் நின்றார்கள். சாவி உடனே கிடைத்தது. சில மாதங்கள் கழிப்பறை திறந்திருந்தது. பிறகு மோட்டார் பழுதாகி, தண்ணீர் வராமல், மறுபடியும் பூட்டு.

அதற்குள் அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். பல காரணங்கள் சொன்னார். கவனிக்காமல் விட்ட நீர்க்கடுப்பும் அதில் ஒன்று. டயாலிசிஸுக்காக இரண்டு பேருந்து மாறி விழுப்புரம் போய்வந்தார். "கூடை இல்லாம ஏறனா, 'உக்காருங்கம்மா'ன்றாரு கண்டக்டரு. கூடை இருந்தா நாத்தம், இல்லாங்காட்டி அம்மா" என்று சிரித்தார். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். "இப்ப வூட்லயே குந்திக்கினு கீறேன், எவ்ளோ வேணா குடிக்கலாம்னு பாத்தா, டாக்டரு வேணான்றாரு. இன்னா பேஜாரு பாரு டீச்சர்!" இதற்கும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரியம் முடிந்து, போன வாரம் சந்தைக்குப் போனேன். அக்காவின் இடத்தில் அவர் மருமகள் தேவி உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. உதடு காய்ந்திருந்தது. என் பாட்டிலை நீட்டினேன். மல்லிகாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேணாம் டீச்சர், வூட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்" என்றாள். மல்லிகா தலையைக் குனிந்து மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

கண்ணீர் அஞ்சலி பேனரில் அக்காவைப் 'பொறுமையின் சிகரம்' என்று போட்டிருக்கிறார்கள். அக்காவைத் தெரிந்தவர்கள் யாரும் அதை எழுதியிருக்க முடியாது. பொறுத்துக்கொண்டது அவர் உடம்பு மட்டும்தான். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்வது அவருடைய பொறுமையின்மையைத்தான்.

திங்கட்கிழமை காலை தேவியையும் மல்லிகாவையும் கூட்டிக்கொண்டு சந்தை அலுவலகத்துக்குப் போகிறேன். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் வாருங்கள். மாலை எதுவும் வேண்டாம். கிளம்புமுன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.